குளிசையை இடையில் விடாதேயும்

ஒட்டுசுட்டான்

அன்பின் சிவத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். அறுவடை முடிந்துவிட்டது, நெல் விலைதான் சரியில்லை. வயிற்றுக் கிருமிக்கு வைத்தியர் தந்த குளிசைகளைப் பாதியில் விட்டுவிட்டு நீர் பரியாரியாரின் கசாயத்தில் இருக்கிறீர் என்று தேவியக்கா சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வாயெல்லாம் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்றீராம். உமக்குத் தந்த அன்ரிபயோட்டிக்குகளான மெட்ரோனிடசோலும் கிளாரித்ரோமைசினும் அப்படித்தான் செய்யும். மருந்து முடிந்தால் கசப்பும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசையைக் கன்னத்துக்குள் ஒளித்தவர்தானே நீர்! மூர்த்தி வாத்தியார் இன்று இல்லை, நான் இருக்கிறேன்.

உமது வயிற்றில் இருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி இலேசில் போகிற கிருமி அல்ல. யூரியேஸ் என்னும் நொதியால் அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்து, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல் என்ற வைத்தியர் 1984இல் இந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வருவித்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று 1994இலேயே உறுதிசெய்துவிட்டார்கள்.

நாட்டு மருந்தை நான் தாழ்த்தவில்லை. இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்த நாட்களில், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் கிடைக்காதபோது, கொதித்தாறிய நீரில் சீனியும் உப்பும் கரைத்துக் கொடுத்து, காய்ந்த வில்வங்காய்த் துண்டுகளைக் குஞ்சியம்மா தேன்நிறம் வரும்வரை அவித்து வடித்துத் தந்ததை நீரும் குடித்தீர். வயிற்றோட்டத்துக்கு அது நல்ல துணை. ஆனால் வயிற்றோட்டம் வேறு, இரைப்பைச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் இந்தக் கிருமி வேறு. உள்ளிச்சாறு ஆய்வுகூடத் தட்டில் இதனைக் கொல்கிறது. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலிக்கவில்லை. புரொக்கோலி முளையும் கிருமியின் தொகையைக் குறைக்கிறதே தவிர, அடியோடு அழிப்பதில்லை.

அந்தக் கசாயத்தில் அதிமதுரம் சேர்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. நாளாந்தம் குடித்தால் அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். நீர் பிரஷருக்குக் குளிசை போடுகிற ஆள், சிவம்! அதை இன்றே நிறுத்தும். கசாயத்தில் வேறு என்னென்ன சேர்கிறது என்று பரியாரியாரிடம் கேட்டு எழுதி, வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டும்.

மிஞ்சிய குளிசைகளை நீராகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். அரைகுறையாய் மருந்து போட்டால், தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கு மசியாதவையாகிவிடக்கூடும். எத்தனை நாள் போட்டீர், முன்பு காய்ச்சலுக்கோ பல்லுக்கோ என்ன அன்ரிபயோட்டிக் எடுத்தீர் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லும். வேறு மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்களுக்குத் தருவார்கள். அது முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சிலோ மலத்திலோ பரிசோதித்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலைப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளிசைகளால் வயிறு கலங்கினால் மோர் நல்லது. காலையில் பழஞ்சோற்றைப் பிசைந்து, புளிக்காத தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடும். பச்சைமிளகாயைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடும். ஒன்றை மட்டும் கவனியும்: ரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் தந்தால், பாலும் தயிரும் அந்தக் குளிசைக்கு இரண்டு மணித்தியாலமாவது தள்ளியிருக்க வேண்டும்.

அடுத்த கிளினிக் எப்போது என்று எழுதும். துணைக்கு ஆள் இல்லையென்றால் நானே பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
இராசன்