உட்காராதே, நட

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "வேலை முடிந்துவிட்டது அம்மா, ஆனால் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது" என்றாய். பத்து நாள் விடுப்பு எடுத்தும் இரவு மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறாயாமே. "நேரத்தோடு தூங்கு" என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். அது ஒரு பதிலே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து முப்பது வருடம் மைதானத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றவளுக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஓட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பத்து விநாடி நாடியை எண்ணுவேன். ஆறால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுவேன். முதல் எண் எனக்குப் பெரிதில்லை. உயிரைக் கொடுத்து ஓடினால் யாருக்கும் 180, 190 என்று ஏறத்தான் செய்யும். இரண்டாவது எண்தான் பிள்ளையின் நிலையைச் சொல்லும். 180 என்பது 140க்கு இறங்கிவிட்டால் எனக்கு நிம்மதி. 172-இலேயே தங்கி நின்றால் அன்று அவளுக்கு அடுத்த சுற்று கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. இதயநோய் மருத்துவர்களும் ஓடவைத்துப் பரிசோதிக்கும்போது இந்த ஒரு நிமிட இறக்கத்தைக் கவனிப்பார்கள்.

ஒரு மாணவி விஷயத்தில் மட்டும் நான் தவறிவிட்டேன். 800 மீட்டர் ஓடுவாள், எப்போதும் முதலில் வருவாள். திடீரென்று நேரம் கூடிக்கொண்டே போனது. காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் எண்ணினால் 58 என்று சொல்பவள், 70 என்று சொல்ல ஆரம்பித்தாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதாள், எரிந்து விழுந்தாள். எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது, பயிற்சியைக் கூட்டினேன். அவள் உடம்பு ஓய்வு கேட்டுக் கத்தியிருக்கிறது, நான் காதில் வாங்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவளால் ஓட முடியாமல் போனது. போன வாரம் உன் குரலில் அவள் குரலைக் கேட்டேன், தம்பி.

நாம் கேட்காமலே வேலை செய்யும் நரம்பு மண்டலம் ஒன்று உடம்பில் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பாய். தானியங்கு நரம்பு மண்டலம் என்பார்கள். அதில் பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் அடக்கி ஆற்றும். இரண்டாவது வகையில் முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது.

பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். நீ சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 என்று இருக்கிறதே, அது வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தைப் பிடித்திருப்பதால். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு இந்தத் தொடர்பு அறுபட்டிருக்கும். அதனால் அவர்கள் படுத்திருக்கும்போதும் நாடி 90, 100 என்றே இருப்பது வழக்கம். 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். பிறகு அந்த இதயம் கிடந்த உப்புக் கரைசலை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது அப்படித் தெரியவந்தது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அமைதியும் உடம்பு செய்துகொண்டிருக்கும் வேலைதான். அந்த வேலைக்கும் தெம்பு வேண்டும், நேரம் வேண்டும்.

நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பதற்றம் அடங்கும்போது எல்லாம் ஒரே வேகத்தில் அடங்குவதில்லை. வேகஸ் நரம்பு விநாடிகளில் கடிவாளத்தை இழுத்துவிடும். பதற்றத்தில் சுரந்து இரத்தத்தில் கலந்த அட்ரினலின் குறைய சில நிமிடங்கள் ஆகும். கார்டிசால் என்ற இன்னொரு பதற்றச் சுரப்பு பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் அலுவலகத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தால், அல்லது நீயே படுக்கையில் புரண்டபடி நாளைய கூட்டத்தை மனதுக்குள் நடத்திப் பார்த்தால், எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. என் பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டினால் ஓட்டம் முடிந்தது என்று உடம்புக்கும் தெரியும். உன் வேலையில் அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தரவில்லை.

அதற்காகப் பரிவு நரம்புகளை எதிரி என்று நினைத்துவிடாதே. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் பிடிப்பதே அவைதான். எதிர்ப்பரிவு ஒரேயடியாக ஓங்கினால் மனிதன் மயங்கி விழுவான். உன் உடம்பு ஏறுவதில் எனக்குக் கவலை இல்லை. ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகிறதே என்றுதான் கவலை.

உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று உன் கைக்கடிகாரம் காட்டும் மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறது என்றாய். துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அது கணக்குப் போடுகிறது. ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது அந்த எண் வேறுபடும். காய்ச்சல் வந்தாலும், குடித்தாலும், ஒரு இரவு தூக்கம் கெட்டாலும் இறங்கும். நண்பர்களின் எண்ணோடு ஒப்பிடாதே. எழுந்தவுடன் அதைப் பார்த்துப் பதறுவதும் ஒரு பதற்றம்தானே? கொஞ்ச நாள் கழற்றி வை.

அதற்குப் பதில் உன் விரலை மணிக்கட்டில் வைத்துப் பார். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். மூச்சை விடும்போதுதான் வேகஸ் நரம்பின் பிடி இறுகுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், விடுவதை இழுப்பதைவிட நீளமாக விட்டால், அந்த ஏற்ற இறக்கம் உன் விரலுக்கே நன்றாகத் தெரியும். ஐந்து நிமிடம் போதும். தம் கட்டாதே, இலக்கு வைக்காதே. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது, உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மனதுக்கு ஆயிரம் சமாதானம் சொல்லியும் அடங்காதது மூச்சுக்குச் சில நேரம் அடங்குவது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது வேறொன்று. சின்ன வயதில் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்ததும் புல்லில் பொத்தென்று விழுவாய். "உட்காராதே, நட" என்று உன் கையைப் பிடித்துத் தூக்குவேன். உனக்குக் கோபம் வரும். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றும். மெல்ல நடந்தால் உடம்பு படிப்படியாக இறங்கும். நீ இப்போது கணினியை மூடிய கையோடு படுக்கையில் விழுகிறாய். அது எனக்குப் பழைய புல்தரையாகத்தான் தெரிகிறது. வேலை முடிந்ததும் அரை மணி நேரம் நட, கைபேசி இல்லாமல். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதே.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத்துடிப்பின் சீர் தவறினாலும் இதே படபடப்பு வரும். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடு. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே. மூச்சுப் பயிற்சி அதற்கு மருந்தல்ல.

பத்து நாளில் சரியாகவில்லையே என்று உன்மேல் கோபப்படாதே. அந்தப் பெண் மூன்று மாதம் ஓடவே இல்லை. பிறகு ஒரு காலையில் வந்து, "58, டீச்சர்" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வெளியே வந்து நடந்துகொண்டே பேசு. நானும் இங்கே நடக்கிறேன்.

அன்புடன்,
அம்மா