பாதியை ஃப்ரீஸரில் வைத்தாயாமே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எழுதி அனுப்பியபடியே ஆப்பிள் ரொட்டி செய்தேன், நன்றாக வந்தது. அப்பா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். அவர் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆளா, உனக்கே தெரியும்.

இதைப் போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்பாய். போனில் பேச உட்கார்ந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்துவிடுகிறார். அவரும் பேசுவதில்லை, என்னையும் பேச விடுவதில்லை. நீயும் இப்போதெல்லாம் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு என்ன மீட்டிங்கோ. சரி, இருக்கும். இன்று சம்பா நடவு, அப்பா வயலுக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புரட்டாசி பிறந்துவிட்டதால் வீட்டில் முட்டை கிடையாது. நீ இரண்டு முட்டை எழுதியிருந்தாய். நான் முட்டைக்குக் கால் கப் என்று கணக்குப் போட்டு அரை கப் கெட்டித் தயிர் விட்டேன். இரண்டு கப் மைதா, முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. எண்ணெய் என்றதும் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதே, அந்த வாசனை ஆப்பிளை அமுக்கிவிடும். உனக்கு அங்கே ஏது கடலை எண்ணெய், சும்மா சொல்கிறேன். தயிரின் புளிப்பு சோடாவில் பட்டதுமே மாவு பொங்க ஆரம்பித்துவிடுகிறது. ஓவனை முன்கூட்டியே சூடாக்கி வைத்துக்கொண்டுதான் மாவைக் கலக்க வேண்டும். கலக்கி வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அந்தப் பொங்கல் எல்லாம் கிண்ணத்திலேயே அடங்கிவிடும். இதற்கு ஈஸ்ட் கிடையாது, இட்லி மாவு மாதிரி ராத்திரியெல்லாம் காத்திருக்கிற வேலையும் கிடையாது. வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்குச் சௌகரியமான பண்டம்தான்.

மாவை அதிகம் அடிக்காதே. உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனதும் கரண்டியை எடுத்துவிடு, கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மைதாவை அடிக்க அடிக்க இழுவை வந்துவிடும், ரொட்டி ரப்பராகிவிடும்.

ஆப்பிள்தான் தகராறு. தாராசுரம் மார்க்கெட்டில் இப்போது சிம்லா ஆப்பிள் குவிந்து கிடக்கிறது. சிவப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, கடித்தால் வெறும் மாவு, புளிப்பே இல்லை. அதனால் நறுக்கியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நிறமும் கறுக்கவில்லை, ருசியும் கொஞ்சம் எழுந்தது. துண்டுகள் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் போதும். பெரிதாக நறுக்கினால் கனத்தில் அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, துருவினால் தண்ணீர் விட்டு மாவு நீர்த்துவிடுகிறது.

உங்கள் பக்கத்து ஆப்பிளுக்கு இந்தக் கவலை இல்லை. போன வருஷம் எம்பயர் என்று ஒரு ரகம் சொன்னாயே, உன் ஊருக்குப் பக்கத்தில், அதே நியூயார்க் மாநிலத்தில், ஜெனீவா என்ற இடத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கின்டாஷையும் ரெட் டெலிஷியஸையும் சேர்த்து உண்டாக்கி 1966-ல் வெளியிட்டார்கள் என்று. அதை அப்பாவிடம் சொன்னேன். "நம்ம ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரன் 1965-லேயே ஆடுதுறை 27 விட்டுட்டான். ஜப்பான் நெல்லோட நம்ம நெல்லைச் சேர்த்தது" என்றார். அவருக்கு எது சொன்னாலும் நெல்லில்தான் வந்து நிற்கும். இந்த வருஷம் வழக்கம்போல சி.ஆர். 1009 நெல்தான். நாற்று நன்றாக இருக்கிறது, ஆற்றில் தண்ணீரும் வருகிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

போன வருஷம் தோட்டத்துக்குப் போய்ப் பழம் பறித்த போட்டோ அனுப்பியிருந்தாய். மாப்பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். இந்த வருஷப் பழம் தோட்டத்தில் பறித்ததா, கடையில் வாங்கியதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஓவன் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ 350 என்று எழுதியிருந்தாய், அது உங்கள் ஊர் ஃபாரன்ஹீட். இங்கே 180-ல் வைத்தேன். ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிஷம் என்றிருந்தாய். எல்லோரும் மோட்டார் போட்டிருந்த நேரம், வோல்டேஜ் இறங்கிக் கம்பி மங்கலாகத்தான் எரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆயிற்று. தென்னை ஈர்க்கை ஒடித்து நடுவில் குத்திப் பார்த்தேன், ஒட்டாமல் வந்த பிறகுதான் எடுத்தேன். மேலே நீளவாட்டில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்த ஆப்பிள் துண்டுகள் மட்டும் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்த மாதிரி பழுப்பாகப் பளபளவென்று இருந்தன. வெடித்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், மேல் ஓடு இறுகிய பிறகும் உள்ளே இருப்பது எழும்புவதால் வருவது என்று நீதானே எழுதியிருந்தாய். பட்டைத் தூள் வாசனை தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா, "புரட்டாசியில பிரியாணியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். ஒரு துண்டு கொடுத்தேன். அமெரிக்காவில் பெண் செய்வதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். கூடவே மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

நீ அனுப்பிய போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ரொட்டி அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே நீ எழுதியிருந்ததுதான், பாதியை ஃப்ரீஸரில் வைத்துவிட்டேன், ரெண்டு வாரத்துக்கு வரும் என்று. மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் இனிப்பு மிஞ்சி நான் பார்த்ததில்லை. இங்கே வந்திருந்தபோது திருவையாற்று அசோகாவை டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டவர். வேலையாக வெளியூர் போயிருப்பார். இல்லை சர்க்கரையைக் குறைத்திருப்பார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஃப்ரீஸரில் வைப்பதானால் முழுசாக வைக்காதே. நன்றாக ஆறவிட்டுத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி வை. அப்போதுதான் ஒரு ஆளுக்கு வேண்டியதை மட்டும் எடுக்கலாம். ஒரு ஆளுக்கோ இரண்டு ஆளுக்கோ. சூட்டோடு வெட்டாதே, பொடியாக உதிரும். டின்னில் பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் கவிழ்த்துக் கம்பித் தட்டில் ஆற வைக்க வேண்டும். மறுநாள்தான் ருசி. இதையே காலைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளாதே. ரொட்டியைத் தின்றுவிட்டு காபியைக் குடித்துக்கொண்டு ஆபீஸ் போவாய், எனக்குத் தெரியும். ஒரு குக்கர் சாதமும் ஒரு ரசமும் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வீடியோவில் வந்தாயே, அன்றைக்கு உன் கழுத்தெலும்பு தெரிந்தது. சாப்பிடு.

இரண்டாவது சனிக்கிழமை ஒப்பிலியப்பன் கோவிலுக்குப் போனேன். திருநாகேஸ்வரத்திலிருந்தே கூட்டம், வரிசையில் நின்று கால் கடுத்துவிட்டது. அந்தப் பெருமாளுக்குத்தான் உப்பில்லாமல் நைவேத்தியம். உன் ரொட்டிக்கு அரை ஸ்பூன் உப்பு வேண்டியிருக்கிறது, அது இல்லாவிட்டால் இனிப்புகூட எடுபடவில்லை. வரிசையில் நிற்கும்போது அந்தக் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் சின்னவள், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதவள் என்று மார்க்கண்டேயர் சொல்ல, உப்பே இல்லாமல் சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் பெருமாள் பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். நாங்கள் ஜாதகம் பார்த்தோம், விசா பார்த்தோம். உங்கள் இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். செய்யலாம்தானே?

நீ தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்ததை இந்தத் தெரு இன்னும் சொல்கிறது. காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுவாய், மழைக்காலத்தில் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு. இந்தப் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று உன் தாத்தா சொல்வார். அதைச் சொல்லிச் சொல்லியே நீ எதையும் யாரிடமும் சொல்லாத பெண்ணாகிவிட்டாய். கால் ஒடிந்ததையே மூன்றாம் நாள்தானே சொன்னாய்.

இன்னொன்று. உன் சம்பளம் உன் பெயரில் இருக்கிற கணக்கில்தானே விழுகிறது? பொதுவாகக் கேட்கிறேன், பத்திரிகையில் என்னென்னவோ போடுகிறார்கள். பாஸ்போர்ட், விசாக் காகிதம் எல்லாம் ஒரு கவரில் போட்டு உன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள். உன் நகை எல்லாம் இங்கே லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, சாவி என்னிடம்தான். சாப்பாட்டையும் பணத்தையும் மட்டும் விட்டுக்கொடுக்காதே, மற்றதை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஆள் விட்டது உன் அப்பா. எதற்கு இப்போது என்றேன், தீபாவளி வருதே என்றார். தீபாவளிக்கு நாம் எந்த வருஷம் மாடி அறைக்கு வெள்ளை அடித்தோம்? ஜன்னலுக்குக் கொசுவலையும் போடச் சொல்லியிருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்?

சின்ன அத்தை வந்து நின்றபோது இந்த வீட்டுக் கூடத்தில் என்ன பேசினார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன். பேசினவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்வேன். சின்ன அத்தை இப்போது நன்றாக இருக்கிறாள், பட்டுக்கோட்டையில் தையல் கடை, இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். போன மாதம் வந்தபோது உன்னைத்தான் கேட்டாள். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பேசினால் எடு. அவளிடம் பேசுவதற்கு என்னிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளும் வந்து என்னிடம் சொல்ல மாட்டாள்.

நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பிவிடுவீர்கள், அப்புறம் பனியும் ஆரம்பித்துவிடும். அந்த ஏரிக்காற்றுப் பனியில் நீயே காரை ஓட்டிக்கொண்டு போகாதே என்று சொல்ல வந்தேன். போக வேண்டியிருந்தால் மெதுவாகப் போ.

அப்பா சைக்கிள் சத்தம் கேட்கிறது, முடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். தீபாவளிக்கு முறுக்கும் ரவா லாடும் பார்சல் அனுப்ப வேண்டும். அதை எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும், ஒரு கிலோ போதுமா, இரண்டு கிலோ வேண்டுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா