எங்கள் தெருக் காகிதங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெரு மகளிர் குழு சார்பாக இந்த மடலை எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் எல்லாரும் வாசல் ஆணியில் தொங்கிய ஆவணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு வீட்டுப் பத்திரமும் நனையவில்லை. அதற்குக் காரணமானவர்களை நாலு பேருக்குத் தெரியச் சொல்ல வேண்டும் என்று குழுவில் முடிவானது.

அதற்கு முந்தைய ஆண்டு நிலைமை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது வீட்டுக்குள் தண்ணீர் மட்டும் வரவில்லை, அதன்மேல் கறுப்பாக எண்ணெயும் மிதந்து வந்தது. எங்கள் பக்கம் முக்கியமான காகிதம் என்றால் பீரோவின் அடித்தட்டில், பட்டுச்சேலைக்குக் கீழேதான் இருக்கும். திருடனுக்குப் பயந்து வைத்த இடம். வெள்ளம் முதலில் தொடுவதும் அதைத்தான். பத்திரம், மார்க் ஷீட், மாமனாரின் இறப்புச் சான்றிதழ், எல்ஐசி பாண்டு எல்லாம் ஒரே கட்டாக ஊறிக் கிடந்தன.

முதல் நன்றி ராயபுரம் பைண்டிங் கடை ஐயாவுக்கு. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் எல்லாரும் காகிதத்தை மொட்டைமாடி வெயிலில் காயப் போடத்தான் ஓடினோம். உறவுக்காரரைப் பார்க்க வந்த நீங்கள், "வெயில்ல போட்டா அப்பளமா சுருண்டுக்கும்மா, நிழலுக்குக் கொண்டா" என்று தடுத்தீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்க விடவில்லை, சேற்றைத் துடைக்கவும் விடவில்லை. ஈரத்தில் மசி ஒட்டும் என்று செய்தித்தாளைக்கூட ஒதுக்கிவிட்டு, வெள்ளைத்தாளும் பழைய வேட்டித் துணியும் கேட்டு வாங்கி, தாளுக்குத் தாள் இடையில் செருகினீர்கள். ஈரம் ஏறிய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் செருகுவது, மறுபடி மாற்றுவது என்று ராத்திரி வரை அதே வேலை. இரண்டு நாளைக்குமேல் ஈரமாகவே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவசரப்படுத்தினீர்கள். கரண்ட் இருந்திருந்தால் பிரிக்க முடியாத கட்டை ஃப்ரீஸரில் வைத்து, அப்புறம் நிதானமாகப் பார்த்திருக்கலாம் என்றீர்கள். ஃப்ரீஸருக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குச் சிரித்தோம்.

லேமினேஷன் போட்டிருந்தால் பயமில்லை என்று நம்பியிருந்தவர்களுக்குத்தான் அன்று பெரிய அடி. ஓரத்தில் விரிசல் விட்ட லேமினேஷனுக்குள் தண்ணீர் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் நின்றுவிட்டது. அதை நீங்கள் பிளேடால் ஓரம் கீறிப் பிரித்த பொறுமையை எந்த டாக்டரிடமும் பார்த்ததில்லை. பேனா மையில் எழுதியவை சில இடங்களில் கரைந்துபோயின, லேசர் பிரிண்ட் எழுத்துகள் அப்படியே நின்றன. எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். எழுத்தைப் படிக்க முடிகிறது.

அடுத்து எங்கள் இ-சேவை மையத் தங்கச்சி. பேப்பர் போனாலும் அதன் பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று முதலில் தைரியம் சொன்னது நீதான். ஆதாரை இணையத்திலிருந்து மறுபடி இறக்கினாய், மாநகராட்சித் தளத்திலிருந்து பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தாய். ஆனால் பாதிப் பேருக்கு ஓடிபி போனது எப்போதோ தொலைத்த சிம்முக்கு! "காகிதத்தைவிட அந்த போன் நம்பரைப் பத்திரமா வெச்சிக்கோங்கக்கா" என்று நீ சொன்னதைக் குழுக் கூட்டத்தில் இன்றும் திருப்பிச் சொல்கிறோம். அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஓட்டுநர் உரிமமும் வண்டி ஆர்சியும் ஏற்றிக் கொடுத்தாய். ஆதார் போட்டோக்களைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர்களைத் திட்டி அழிக்க வைத்தாயே, அதற்குத் தனி நன்றி. வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடையில் கொடுத்த நாட்களில், கார்டு நனைந்துபோனவர்களோடு நீயும் கூட வந்து நின்றாய்.

காணாமல் போனவற்றுக்குக் காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதியலாம் என்று காட்டிய சட்டக் கல்லூரித் தம்பிக்கும், பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரைத் தேடி எடுத்து டிசி விவரம் எழுதிக் கொடுத்த தலைமை ஆசிரியை அம்மாவுக்கும், சான்றிதழ் இழந்தவர்களுக்காக அரசு நடத்திய சிறப்பு முகாமில் முகம் சுளிக்காமல் மனு எழுதிய ஊழியர்களுக்கும் நன்றி. "ஒரிஜினல் கொண்டு வாங்க" என்ற ஒரே பதிலோடு எங்களைத் திருப்பி அனுப்பிய இடமும் ஒன்று உண்டு. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

பத்திரம் எழுதும் பெரியவரே, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பதிவு இருக்கிறது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஆவண எண்ணும் ஆண்டும் கிடைக்கும், அதை வைத்து நகல் வாங்கலாம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நகல் கையில் இருந்தாலும் பாங்கில் கடன் கேட்டால் அசலைத்தான் கேட்பார்கள், அதனால் அசலைக் காப்பாற்றுங்கள் என்று கண்டிப்பாகவும் சொன்னீர்கள். அதனால்தான் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் ஆவண எண், பாலிசி எண், பாஸ்புக் எண், ரேஷன் கார்டு எண். ஜெராக்ஸ் ஒரு செட் வெளியூர் உறவினர் வீட்டில். எனக்குச் சேலத்தில் நாத்தனார் இருக்கிறார்.

கடைசியாகப் பை. இது முழுக்க முழுக்கத் தையல்கடை அக்காவின் யோசனை. கட்சிக்காரர்கள் கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி, உள்பக்கம் திருப்பி, ஜிப் வைத்து, வீட்டுக்கு ஒன்று தைத்தார். திருப்பாமல் தைத்திருந்தால் தேர்தல் வந்ததும் எந்த வீட்டுப் பை எந்தக் கட்சி என்று சண்டை வந்திருக்கும். உள்ளே ஜிப் கவர், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். மழைக்காலம் தொடங்குமுன் புரட்டாசியில் ஒருநாள் எல்லாரும் பையைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு மறுபடி ஆணியில் மாட்டுகிறோம். ஆணி ஆளுயரத்துக்கு மேலே.

பைண்டிங் கடை ஐயா காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் இனி அவர் கடையில்தான் பைண்டிங்குக்குப் போகும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பை வேண்டுமென்றால் தையல்கடை அக்காவிடம் கேளுங்கள். பேனர் துணி மிச்சம் இருக்கிறது, ஜிப் மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.