மைனஸ் என்றால் நஷ்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பங்குச் சந்தைப் பகுதியில், ஆப்பிள் நிறுவனத்தின் பகிராத லாபம் (பங்குதாரர்களுக்குக் கொடுத்தது போக, வருடா வருடம் சேர்ந்த லாப மிச்சம்) 2022-ல் மைனஸில் போனதாக ஒரு வரி போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு என் மருமகன், "மாமா, அந்தக் கம்பெனி நஷ்டத்திலயா ஓடுது?" என்று போன் போட்டுக் கேட்டார். முப்பது வருடம் வணிகவியல் நடத்தியவனுக்குக் கை சும்மா இருக்குமா?

எண் சரிதான். 2022 செப்டம்பரில் முடிந்த கணக்கில் அது மைனஸ் 307 கோடி டாலர். ஆனால் அதே வருடம் அவர்கள் சம்பாதித்த நிகர லாபம் 9,980 கோடி டாலர்! முந்தைய வருட மிச்சம் 556 கோடி. இரண்டையும் கூட்டினால் பத்தாயிரம் கோடியைத் தாண்டுகிறது. எங்கே போனது? பங்குதாரர்களுக்கு லாபத்தில் பங்காகக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு 1,479 கோடி. தன் பங்கையே சந்தையில் திரும்ப வாங்கிய பைபேக்குக்கு 9,000 கோடிக்குச் சற்று மேல். ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தபோது வரிக்காகப் பிடித்துக்கொண்டது 345 கோடி (ஆப்பிள் கணக்கில் இது சில்லறை). கழித்துப் பாருங்கள், அந்த மைனஸ் வந்து நிற்கும்.

ஐந்து வருடம் பின்னால் போனால் இன்னும் தெளிவாகும். 2017-ல் இதே பகிராத லாபம் 9,833 கோடி டாலராக இருந்தது. அதற்கப்புறம் வந்த ஐந்து வருட லாபம் மட்டுமே 36,000 கோடிக்கு மேல். ஆனாலும் அந்த எண் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. சம்பாதித்ததைவிட அதிகமாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பகிராத லாபம் என்றதும் பெட்டியில் பூட்டி வைத்த பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரிடம் லாபம் எங்கே என்று கேட்டால் சரக்கையும் கடன் நோட்டையும் காட்டுவார். ஆப்பிளில் கதை தலைகீழ். பகிராத லாபம் மைனஸில் இருந்த அதே நாளில் கையில் ரொக்கமும் கடன் பத்திரங்களுமாகச் சுமார் 16,900 கோடி டாலர் இருந்தது. சுமார் 12,000 கோடிக்குக் கடனும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பிளஸில் இருந்தால் மட்டும் நல்லதா? 1967-ல் பங்குக்குப் பத்து சென்ட் டிவிடெண்ட் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர். பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த ஒவ்வொரு டாலருக்கும் காலப்போக்கில் சந்தை மதிப்பு ஒரு டாலராவது கூடியதா என்பதே அவர் தனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை. அதையும் ஒரு வருடக் கணக்கை வைத்துத் திருத்த முடியாது.

இன்னொன்று. நம் நாட்டில் மைனஸைக் கண்டால் மருமகன் பயப்படுவது நியாயம்தான். 2013 கம்பெனிச் சட்டப்படி, செலுத்தப்பட்ட மூலதனமும் தாராளக் காப்புகளும் (டிவிடெண்டாகக் கொடுக்கத் தடையில்லாத சேமிப்பு) சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் பைபேக் செய்ய முடியாது. ஆகவே இங்கே மைனஸ் என்றால் பெரும்பாலும் சேர்ந்துபோன நஷ்டம்தான். நம் ஆண்டறிக்கைகளில் 'இதர ஈக்விட்டி' என்ற அட்டவணையில் இந்த வரவு செலவு முழுவதும் இருக்கும்.

அடுத்த முறை கடைசி எண்ணோடு தொடக்க இருப்பு, லாபம், டிவிடெண்ட், பைபேக் என்று நான்கு வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்