மிச்சக் கணக்கை விடுங்கள், பட்டத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டால் மாதச் செலவில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மிச்சத்தை நம்பிக் கொல்லையில் இறங்குகிறவர்கள் சீக்கிரமே மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நம் வீட்டுத் தக்காளி காய்க்கிற அதே வாரத்தில்தான் ஊர்த் தக்காளியெல்லாம் காய்த்து, தள்ளுவண்டிக்காரர் கூவிக் கூவிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்புறம் என்ன மிச்சம்? பட்டம், அதாவது எதை எந்த மாதத்தில் விதைப்பது என்கிற கணக்கு, தெரியாமல் கண்ட மாதத்தில் விதையைப் போட்டுவிட்டு, பூக்கவில்லை, காய்க்கவில்லை, பூச்சி அரித்துவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அந்தப் பட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் இருப்பது மன்னார்குடிப் பக்கம். இங்கே கொல்லைக்கு வருஷம் பிறப்பது ஆடியில். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று எல்லாரும் சொல்கிறோம், ஏன் ஆடி என்று கேட்டால் முழிப்போம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வதற்குள் பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் வேர் ஊன்றிப் பந்தல் ஏறியிருக்க வேண்டும், அதற்குத்தான். இரண்டு இலை விட்ட கன்று அடைமழையில் மாட்டினால் அழுகித்தான் போகும்.

பந்தல் அவரை இன்னும் பிடிவாதம். ஆடியில் போட்டாலும் வைகாசியிலேயே போட்டாலும், பகல் குறுகிப் பனிக்காலம் நெருங்கினால்தான் பூக்கும். கொடி மட்டும் மொத்தமாகப் படர்ந்து கிடக்கிறது, ஒரு பூவைக் காணோம் என்று புரட்டாசியில் கடுப்பாகி வெட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். விட்டு வைத்திருந்தால் மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூ, தையில் பறித்து மாளாது. வருஷம் முழுக்க அவரை வேண்டும் என்பவர்களுக்குக் குத்து அவரை இருக்கிறது, போட்டுக்கொள்ளட்டும். பொங்கலன்று பல காய்க் குழம்பில் விழுகிற பந்தல் அவரையின் வாசனை அதில் வராது என்பது என் கட்சி.

சுரையும் பூசணியும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்கின்றன என்று கடையில் போய்க் கேட்டால், உடனே ஒரு மருந்து பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பல நேரம் அது நோயே இல்லை, மகரந்தம் சேராததுதான். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. தேனீ வராத வீட்டில் நாமே ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவ வேண்டும். பூசணி விடியற்காலையில் மலரும், சுரையும் பீர்க்கும் பொழுது சாயும்போது மலரும். ஆகக் காலையில் காப்பி குடிக்குமுன் ஒரு சுற்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சுற்று. நாலு நாள் கழித்துப் பிஞ்சு பருத்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற ஆவலை எந்த மிச்சக் கணக்கில் எழுதுவது?

ஐப்பசி, கார்த்திகையில் கொல்லை நம் கையில் இல்லை. மிளகாயும் பப்பாளியும் காலடியில் தண்ணீர் நின்றால் தாங்காது, மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் எடுத்தவர்கள் தப்பித்தார்கள். முருங்கை மரத்தடிக்குக் கம்பளிப்பூச்சிக்குப் பயந்து குழந்தைகளை விடமாட்டோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை எல்லாம் வரிசையாகச் சாய்ந்தது, முருங்கை முறிந்து தரையில் கிடந்தது. தென்னை போனது போனதுதான். முருங்கையில் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி வேலியோரம் நட்டவர்கள் அடுத்த வருஷமே காய் பறித்தார்கள்.

பப்பாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி, கொஞ்ச நாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பஞ்சு ஒட்டினாற்போல் காயெல்லாம் வெள்ளையாகி, எந்த மருந்துக்கும் அடங்காமல், மரத்தையே வெட்டிப் போட்டார்கள். கடைசியில் அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து விஞ்ஞானிகள் வரவழைத்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி. பப்பாளியில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் கடும் விஷத்தை அடிக்க ஓடுகிறவர்கள் அந்தக் குளவியையும் சேர்த்துத்தான் கொல்கிறார்கள். வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தை பிறந்தால் அடுத்த பட்டம். கத்தரி, வெள்ளரி, கீரை எல்லாம் இப்போது போட்டால் கோடைக்கு ஆகும். வெண்டையும் போடலாம், ஆனால் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ வந்து, இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிற நோயைப் பரப்பும். அப்படி மஞ்சளான செடியைப் பார்த்துப் பரிதாபப்படாமல் பிடுங்கி எறிய வேண்டும், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். மாசி, பங்குனியில் காற்றுக்கு உதிர்கிற மாவடுவைப் பொறுக்கி உப்பில் போட்டால் சித்திரையில் தயிர்சாதத்துக்கு வேறொன்றும் வேண்டாம். மாம்பழம் கைக்கு வருவதற்குள் அணில் பாதியைக் கடித்துவிடும், அது அதன் பங்கு. கொய்யாவுக்கும் அதே கதைதான், பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிப் பாருங்கள், ஓரளவுக்கு மிஞ்சும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ராசிபலனுக்குத் தினமும் இடம் ஒதுக்குகிறீர்கள். ஒவ்வொரு தமிழ் மாதம் பிறக்கும்போதும், இந்த மாதம் என்ன விதைக்கலாம், என்ன பூக்கும், எந்தப் பூச்சி வரும் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடக்கூடாதா? டெல்டாவுக்கும் கொங்குநாட்டுக்கும் நெல்லைக்கும் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை, ஆகவே பதிப்புக்குப் பதிப்பு மாற்றிப் போட வேண்டியிருக்கும். ஊட்டிக்காரர்களின் முட்டைக்கோஸ் கணக்கை எங்களுக்குச் சொல்லி ஒரு பயனும் இல்லை.

அப்புறம், வீட்டுத்தோட்டத்துக்கு என்று இலவசமாகவும் மானிய விலையிலும் விதைப் பொட்டலம் கொடுப்பவர்கள் காலம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். எனக்கு ஒருமுறை கார்த்திகை அடைமழையில் பாகல் விதை கொடுத்தார்கள். அதை வாங்கி டப்பாவில் போட்டு மூடி வைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று, அதுவும் மாதம் பிறப்பதற்கு முன்பே கைக்கு வரவேண்டும். உங்கள் முதல் பெட்டியும் ஆனி பாதியிலேயே வந்தால் நல்லது, மண்ணைக் கொத்தி எரு கலந்து ஆறப்போட நாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி