நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி ஜப்பானில் இருந்ததைவிட இப்போது தேவலை. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறாள். நீ சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. சில சங்கதிகள் எழுதினால்தான் எனக்கு வரும்.

ஹிரோஷிமாவிலிருந்து அன்று ராத்திரி ஒசாக்காவுக்குத் திரும்பியதும், "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சு" என்றேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உனக்கு லீவு கிடைக்காமல், எனக்காக ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று தமிழில் சீட்டு எழுதி என் சட்டைப் பையில் வைத்து அனுப்பியவள் நீ. அதற்கு இந்த ஒரு வார்த்தை போதாதுதான்.

ஸ்டேஷனில் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தம்மாவுக்கு எழுபதுக்குக் குறையாது. சம்பளம் வாங்காத வழிகாட்டி. வண்டிச் செலவும் சாப்பாடும்தான் நம் கணக்கு. நான் ரிட்டயர்டு பஸ் டிரைவர் என்று நீ முன்கூட்டியே எழுதியிருந்தாய் போல. "முதலில் குண்டு நினைவுப் பூங்காவா, டிராமா?" என்று கேட்டார். இதையும் கேட்கணுமா என்று சிரித்தேன். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் சிரமமே இல்லை.

டிராம் அங்கே ஸ்டேஷன் கட்டடத்தின் மாடிக்கே ஏறி வருகிறது பாப்பா. 2025 ஆகஸ்டில்தான் அந்தப் பாதையைத் திறந்தார்களாம். உள்ளே நான் நின்றது டிரைவருக்குப் பின்னால். சிக்னல் விழுந்ததும் வெள்ளைக் கையுறை போட்ட விரலை அதை நோக்கி நீட்டி, வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால், தனக்குத்தானே! கண் பார்த்ததை விரலும் வாயும் ஒருதரம் உறுதி செய்தால் தப்பு குறையும் என்று அந்தம்மா விளக்கினார். முப்பத்தோரு வருஷ சர்வீசில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நமக்கு டயரடி எலுமிச்சம்பழத்தோடு சரி.

எதிரே வரும் டிராம் ஒன்றுக்கு ஒன்று ஜாடை வேறாக இருந்தது. கோபே 1971-இலும் கியோத்தோ 1978-இலும் தங்கள் டிராம்களை நிறுத்தியபோது, ஹிரோஷிமா கம்பெனி அந்தப் பழைய வண்டிகளை வாங்கிப் போட்டு ஓட்டியதாம். மெட்ராஸில் நாம் 1953-இலேயே மூட்டை கட்டிவிட்டோம். அது கிடக்கட்டும்.

செண்டா என்ற இடத்தில் டிப்போ. ரோட்டில் நின்றபடியே உள்ளே பார்க்கலாம். 651 என்று நம்பர் போட்ட வண்டியைக் காட்டினார். 1942-இல் செய்தது. 1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்குக் குண்டு வெடித்தபோது, வெடித்த இடத்திலிருந்து சுமார் 700 மீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறது. கருகிப்போனதைச் சீர்செய்து அடுத்த வருஷமே ஓட்டினார்களாம். நான் வண்டியைப் பார்த்தால் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பேன், உனக்குத் தெரியும். அன்று சக்கரத்தைப் பார்க்கவே தோன்றவில்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் ஊருக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. போருக்கு ஆண்களைக் கொண்டுபோய்விட்டதால் டிராம் ஓட்ட ஆளில்லை. 1943-இல் கம்பெனியே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறது. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் டிராம் வேலை. பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகள் டிக்கெட் கொடுத்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள். குண்டு விழுந்த அன்றும் டூட்டியில் இருந்தார்கள். செத்தவர்கள் உண்டு. ஊரே சாம்பலாகக் கிடக்க, மூன்றே நாளில், ஆகஸ்டு 9-ஆம் தேதி, கோய் என்ற இடத்திலிருந்து நிஷி தென்மா வரை கொஞ்ச தூரத்துக்கு டிராம் திரும்ப ஓடியது. பிழைத்த பிள்ளைகளில் சிலர் அதற்கும் வேலைக்கு வந்தார்கள். காசில்லாதவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லையாம்.

"அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டேன்.

"போர் முடிந்தது, ஆண்கள் திரும்பி வந்தார்கள், பள்ளியை மூடிவிட்டார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

மத்தியானம் பூங்கா. எலும்புக்கூடாக நிற்கும் அந்தக் கூண்டுக் கட்டடத்தை நீ படத்தில் பார்த்திருப்பாய். 1915-இல் ஒரு செக் நாட்டுக்காரர் கட்டிய பொருட்காட்சி மண்டபம் அது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்தில் ஓடும் மொத்தோயாசு ஆறு. நம் தாமிரபரணி மாதிரியே கல் படித்துறைகள். தீக்காயத்தோடு தண்ணீர் தேடி ஜனங்கள் இறங்கியது அந்த ஆறுகளில்தான். நான் நாலு படி இறங்கி நின்றேன். அந்தம்மா மேலேயே நின்றுகொண்டார். அவருடைய தாயார் அன்று எங்கே இருந்தார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நினைவுக் கல்லில் ஒரே ஒரு வாக்கியம். "அமைதியாக உறங்குங்கள், தவறு மறுபடி செய்ய" என்று சொல்லி நிறுத்தி, இதை உங்கள் மொழியில் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டார். ஜப்பானிய வினைச்சொல், செய்தது யார் என்று காட்டாதாம். நானா, நாமா, அவர்களா என்று தெரியாமலே வாக்கியம் முடிந்துவிடும். அதனால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் நீதிபதியாக இருந்தாரே நம் ராதாபினோத் பால், அவர் 1952-இல் அங்கே வந்தபோது, குண்டு போட்டவர்கள் ஜப்பானியர்கள் இல்லையே, இவர்கள் எதற்குத் தவறு என்று எழுத வேண்டும் என்று ஆட்சேபித்தாராம். எழுதிய பேராசிரியர் சைக்கா ததாயோஷி, இது மனிதர் எல்லோரையும் சேர்த்துச் சொன்னது என்று பதில் கொடுத்தாராம்.

தமிழில் அப்படித் தப்ப முடியாது, "செய்யமாட்டோம்" என்று வால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் நம் ஊர் பஸ் டிப்போ ஞாபகம் வந்துவிட்டது. விபத்து ரிப்போர்ட்டில் நாங்கள் யாராவது "நான் மோதினேன்" என்று எழுதியிருப்போமா? "வண்டி மோதிவிட்டது" என்றுதான் எழுதுவோம். வண்டி என்ன, தானாகவா போய் மோதியது?

சாயங்காலம் அந்தம்மா ஒகோனோமியாக்கி வாங்கித் தரச் சொன்னார், பன்றிக்கறி வேண்டாம் என்று எனக்காகச் சொல்லியும் கொடுத்தார். மெல்லிய தோசை மாதிரி ஊற்றி, அதன்மேல் ஒரு மலை முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை. கல்லிலிருந்தே கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிடணும். நன்றாகத்தான் இருந்தது. அந்த இனிப்புச் சாஸ் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

திரும்பும் ரயிலில் அந்த ஒன்றரை மணி நேரமும் உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பிளஸ் டூ லீவில் நீ கார் ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டாய். "லாரி வர்ற ரோட்டுல பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டீரிங் எதுக்கு?" என்றேன். உன் தம்பிக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே சாவியைக் கொடுத்தேன். அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் நீ பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் எட்டி எட்டி என் காலையே பார்த்துக்கொண்டு வருவாய். கிளட்சை எப்போது விடுகிறேன் என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். அப்படி நடந்துவிட்டது என்று எழுத மாட்டேன். நான்தான் செய்தேன்.

பொங்கலுக்கு வருகிறாய் இல்லையா? வீட்டில் கிடக்கும் மாருதிக்குக் கிளட்ச் கேபிள் புதிதாக மாற்றிவிட்டேன், பிரேக்கும் பார்த்தாயிற்று. சாவி தம்பியிடமிருந்து என் கைக்கு வந்துவிட்டது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் வீடு வராத பிளாட்டுகள் இருக்கின்றன, காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. எல்.எல்.ஆர். போட ஆதாரை மறக்காமல் எடுத்து வா. செருப்போடு உட்கார விடமாட்டேன், ஷூ கொண்டுவா.

இப்படிக்கு,
அப்பா