பின்னிணைப்பில் ஓடும் ஆறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஆறுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அணைகளை இடிப்பது பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் சில ஆறுகளைப் பட்டியலிட்டு, அணையில்லாமல் ஓடவிடுவதற்காக 1968-இல் வந்த ஆற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! அதில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது பட்டியலில் நேரடியாக இடம்பெற்றவை எட்டே ஆறுகள். இன்று பட்டியலிலுள்ள ஆறுகளின் நீளம் 13,000 மைலைத் தாண்டிவிட்டது என்றாலும், நாட்டின் மொத்த ஆற்று நீளத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. எந்த ஆறு உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்ற கதையில் பெரும்பகுதி, அரசு நிலத்துக்குப் போடும், யாரும் படிக்காத திட்டங்களில்தான் கிடக்கிறது.

இங்கே மத்திய அரசின் வனத்துறையிடம் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கரும், நில மேலாண்மைத் துறையிடம் 24.5 கோடி ஏக்கரும் இருக்கின்றன. மரம் எங்கே வெட்டலாம், சாலை எங்கே போடலாம், மாடு எங்கே மேயலாம் என்பதையெல்லாம் பகுதிவாரியாக ஒரு திட்டம் முடிவு செய்கிறது. தேசிய வனங்களின் திட்டங்களை 15 ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் தாண்டி இழுத்துக்கொண்டே போகும் திட்டங்கள் நிறைய.

திட்டம் போடும்போது ஆறுகளையும் கணக்கில் எடு என்கிறது ஆற்றுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. கேள்வி இரண்டுதான். தடையில்லாமல் ஓடுகிறதா? மீன், நிலவியல், வரலாறு என்று எதிலாவது தனிச்சிறப்பு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால், திட்டத்தின் பின்னிணைப்பில் ‘தகுதியுள்ளது’ என்று எழுதிவிடுவார்கள். அன்றிலிருந்து அந்த நிலத்தில் ஆற்றின் இரு கரையிலும் கால் மைல் அகலத்துக்கு, அதன் சிறப்பைக் கெடுக்கும் வேலை எதையும் துறை செய்யக் கூடாது. ஆற்றைத் தேசியப் பட்டியலில் சேர்க்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வாக்களிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொருவர் அணை கட்ட உரிமம் கேட்டு வந்தால் இந்தக் காப்பு நிற்காது. அதைத் தடுக்க ஆறு தேசியப் பட்டியலிலேயே ஏறியாக வேண்டும்.

அப்புறம் ‘பொருத்தம்’ என்று இன்னொரு படி இருக்கிறது. தகுதியுள்ள ஆற்றைத் தேசியப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கலாமா என்று துறை பார்ப்பது அது. அதில் ‘பொருத்தமில்லை’ என்று எழுதிவிட்டால் முன்பு கிடைத்த காப்பும் போய்விடும். தகுதி இருந்தும் பொருத்தமில்லை என்பது ஜாதகக்காரர்கள் மட்டும் சொல்கிற பேச்சு என்று நினைத்திருந்தேன்!

சில ஆண்டுகளுக்கு முன், இப்படி ஒரு வனத்தின் திட்ட வரைவு பற்றிய கூட்டத்துக்குப் போனேன். மேசைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். நாங்கள் வழக்கமாக நடக்கப் போகும் ஆற்றின் நீலக்கோட்டைச் சுற்றித் தகுதிப் பட்டை வரைந்திருந்தது. ஆனால் ஓர் ஓடை வந்து அதில் சேரும் இடத்தோடு பட்டை நின்றுவிட்டது. ஓடை கணக்கிலேயே இல்லை. ஏன் என்று கேட்டேன். “அதைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை” என்றார் அலுவலர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஓடைக்குக் குறுக்கே, மரம் ஏற்றும் லாரிகளுக்காக எப்போதோ போட்ட மண்சாலை ஒன்று போகிறது. சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்திவிட ஓர் இரும்புக் குழாய். தண்ணீர் விழுந்து விழுந்து கீழே குழி பறித்துவிட்டதால், குழாயின் வாய் இப்போது அந்தரத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது. முட்டையிட மேலே ஏறி வரும் மீன் அங்கே வந்து முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். மழை நாளில் சாலை மண் கரைந்து ஓடையில் இறங்கும். பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி இருக்கும் தண்ணீர். அந்த மண்தான் கீழே போய், ‘தகுதியுள்ள’ ஆற்றின் கூழாங்கல் இடுக்குகளில் படிந்து, மீன் முட்டைகளை மூச்சுத் திணற வைக்கிறது. கால் மைல் பட்டை இதைத் தொடவே தொடாது. இது சாலை அத்தியாயத்தில் முடிவாகிற விஷயம், ஆற்று அத்தியாயத்தில் இல்லை.

இதை அலுவலரிடம் சொன்னதும், “எந்தச் சாலை, எத்தனையாவது மைல்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ‘ஆற்றைக் காப்பாற்றுங்கள்’ என்று உருக்கமாக எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போய் மைல் கல்லைக் குறித்து, குழாயின் உயரத்தை அளந்து, படம் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த வரைவில், மாற்ற வேண்டிய குழாய்களின் அட்டவணையில் அது இருந்தது. ஓடைக்கு மட்டும் இன்னும் பட்டை வரையவில்லை. ஆட்சேபம் எழுதியிருக்கிறேன், இந்த முறை மீன் ஏறும் மாதங்களையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓரிகன், அமெரிக்கா